அமெரிக்க செனட்டில் மரம் வளர்ப்போம்

நான் அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பல வருடங்களாக அந்த நாட்டின் அரசாங்கம் என் கையில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், தொங்கு ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி லேசாக அதிரும் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசியலும் பொருளாதாரமும் ஆங்கிலத்தில் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரோடு அகதியாக இங்கே வந்து, ஜெர்மன் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அமெரிக்காவைச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். "நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். வானியல் படிப்பிக்கிறவர் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய் வந்தவரா என்று திருப்பிக் கேட்பேன். அதோடு அந்தக் கேள்வி அடுத்த வருடம் வரை அடங்கும்.

முதற் பாடம் அதிகாரப் பிரிப்பு. சட்டம் செய்கிறவர் ஒருவர், அதை நடத்துகிறவர் இன்னொருவர், சரி பிழை பார்க்கிறவர் மூன்றாமவர். மூவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் யாரும் ராசாவாக முடியாது என்பேன். இதைச் சொல்லிக்கொண்டு நிற்பவள், வகுப்பின் விதிகளைத் தானே எழுதி, தானே நடத்தி, கடைசியில் புள்ளியையும் தானே போடுகிறவள். பிள்ளைகள் இதைக் கவனிக்கவில்லை. அல்லது கவனித்துவிட்டு, புள்ளியை நினைத்துப் பேசாமல் இருக்கிறார்கள்.

ஆனால் ஜெர்மன் வகுப்பறையில் பேசாமல் இருப்பது செலவான காரியம். இங்கே புள்ளியில் பாதி எழுத்துக்கு, மற்றப் பாதி வாய்க்கு. பரீட்சையில் எவ்வளவு எழுதிக் கொட்டினாலும், பாடம் நடக்கும்போது கை உயர்த்தி அபிப்பிராயம் சொல்லாத பிள்ளைக்குப் பாதிப் புள்ளி போய்விடும். அதனால் எல்லோரிடமும் அபிப்பிராயம் இருக்கிறது. சந்தையில் ஒரு பொருளுக்கு வாங்குகிற ஆட்களைவிட வரத்துக் கூடினால் விலை விழும் என்று பொருளாதாரத்தில் சொல்லிக் கொடுக்கிறேன். உதாரணம் தேடி வெளியே போகத் தேவையில்லை. மத்திய வங்கி வட்டியை ஏன் கூட்டுகிறது என்று நான் கேட்டு முடிக்க முன்னமே வகுப்பில் பாதிக் கைகள் மேலே நிற்கும். அவர்களில் சிலருக்கு வட்டி என்றால் என்னவென்றே தெரியாது. நானும் ஒவ்வொரு கைக்கும் ஒரு கூட்டல் அடையாளம் போட்டுக்கொண்டே இருப்பேன்.

அந்த வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். பெற்றோர் யாழ்ப்பாணம், இவள் இங்கேயே பிறந்தவள். எழுத்தில் வகுப்பிலேயே முதலாவது. ஆனால் கை உயர்த்த மாட்டாள். நானாகப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒரு சொல்லில் சரியான பதில் வரும், பிறகு வாய் மூடிக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் அமெரிக்காவைக் கரைத்துக் குடித்தவர்கள் போலக் கத்திக்கொண்டிருக்கும்போது, இவள் விடுமுறையில் கடற்கரைக்கு வந்தவளைப் போலச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

இதெல்லாம் அவளுடைய பாடு என்று விட்டிருப்பேன். ஆனால் எங்கள் பள்ளிக்கு அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு தொடர்பு உண்டு. வருடத்துக்கு ஒரு பிள்ளை அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி அரை வருடம் படிக்கலாம். இவள் விண்ணப்பித்திருந்தாள். என் பாடத்தில் யாருக்கு மொத்தப் புள்ளி கூடவோ அவர்தான் போவார். எழுத்து அவளை ஏற்றிவிட, வாய் இறக்கிவிட்டது. இப்படியே போனால், போகப் போவது முன்வரிசையில் இருந்த, வழக்கறிஞர் மகன் ஒருவன். தொட்டிலிலிருந்தே குறுக்கு விசாரணை செய்து பழகியவன்.

பெற்றோர் சந்திப்பு நாளில் தாயும் தகப்பனும் மகளும் வந்தார்கள். தகப்பனுக்குப் பக்கத்து ஊரில் கத்தி செய்யும் தொழிற்சாலையில் வேலை, தாய்க்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில்.

"வணக்கம், இருங்கோ" என்றேன். தகப்பன் இருக்கவில்லை. திரும்பி மகளைப் பார்த்தார்.

"இருக்கட்டாம்" என்றாள் மகள். இருந்தார்.

"பிள்ளை நல்லா எழுதுறா" என்றேன். மறுபடியும் மகளைப் பார்த்தார்.

"நான் நல்லா எழுதுறனாம்."

யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி யாழ்ப்பாணத்தார் ஒருவரோடு சுத்த யாழ்ப்பாணத் தமிழில் பேச, நடுவில் தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். முதலில் சிரித்தது தாய்தான். "இஞ்சாருங்கோ, ரீச்சர் தமிழிலையெல்லே கதைக்கிறா" என்றார். தகப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பழகிப்போச்சு ரீச்சர். ஆபீஸ், கந்தோர் எண்டு வந்தால் உவளின்ரை வாயைத்தான் பாக்கிறது" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை என்று இப்போது நினைவு வருகிறது. அப்போது நான் விடயத்துக்கு வருகிற அவசரத்தில் இருந்தேன்.

"ஆனா அண்ணை, பிள்ளை வகுப்பில வாயே திறக்கிறேல்லை."

தகப்பனின் முகம் மலர்ந்தது. "ஓம் ரீச்சர், நாங்கள் அப்பிடித்தான் வளர்த்தனாங்கள்."

நான் குறை சொன்னேன், அவர் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டார். அவர் பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனம் வராவிட்டாலும் செய்கிற தொழில்தான் ஆசிரியத் தொழில். "இல்லை அண்ணை, கதைக்கோணும். கதைக்கிறதுக்குத்தான் பாதிப் புள்ளி" என்றேன்.

"கதைக்கிறதுக்கோ? பள்ளிக்கூடத்திலையோ?" என்று மனைவியைப் பார்த்தார். "எங்களைக் கதைச்சதுக்கெல்லே வாங்கு மேல ஏத்தி நிக்க விட்டவை!" பிறகு ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார். "உவள் மேடையில நல்லாக் கதைப்பாள் ரீச்சர். நீங்களே பரிசு குடுத்தனீங்கள்தானே!"

அது உண்மை. சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப்போட்டிக்கு நான் வழக்கமான நடுவர். பெற்றோர் யாரையோ கொண்டு எழுதுவிப்பார்கள், பிள்ளை பாடமாக்கும், மேடையில் ஏறி ஒரு சொல் பிசகாமல் முழங்கும். எவ்வளவுக்கு எவ்வளவு பிசகவில்லையோ அவ்வளவுக்கு அவ்வளவு புள்ளி. இவள் ஒவ்வொரு முறையும் முதலாமிடம். சனிக்கிழமை பாடமாக்கியதற்கு மாலை போட்டுவிட்டு, திங்கட்கிழமை சொந்தக் கருத்து இல்லையென்று புள்ளி வெட்டுகிறவளும் நானேதான்.

"சரி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று தகப்பன் எழும்பினார். யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவர் அப்படிச் சொன்னால், பிள்ளை படப் போகிறது என்று அர்த்தம்.

அடுத்த கிழமையே அவள் கை உயர்த்தினாள். எனக்கு வந்த சந்தோசத்தில் மற்ற எல்லோரையும் விட்டு அவளைக் கேட்டேன். இந்த நாட்டில் பிள்ளைகள் இருந்த இடத்தில் இருந்துதான் பேசுவார்கள். இவள் எழுந்தாள். முன்னால் வந்து நின்றாள். பின் சுவரைப் பார்த்து, பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களையும் அன்பார்ந்த வகுப்புத் தோழர்களையும் ஆங்கிலத்தில் விளித்து, அமெரிக்க மத்திய வங்கியைப் பற்றி மூச்சு விடாமல் முழங்கினாள். பணவீக்கத்துக்கு வலது கை மேலே போனது. பொருளாதார வீழ்ச்சிக்கு முட்டி மடிந்தது. நன்றி கூறி விடைபெற்றுப் போய் உட்கார்ந்தாள்.

பிறகு வழக்கறிஞரின் மகன், கேலியில்லாமல், உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டான்: "அப்படியானால் வட்டியைக் கூட்டியது சரியா, பிழையா? நீ என்ன நினைக்கிறாய்?" அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கொப்பியைப் பார்த்தாள். கொப்பியில் அது இல்லை.

பாடம் முடிந்ததும் அவளை நிறுத்தி, "பாடமாக்கிக்கொண்டு வரக்கூடாது. உமக்கு என்ன தோன்றுதோ அதைச் சொல்லும்" என்றேன். "ஓம் ரீச்சர்" என்று போய்விட்டாள். சனிக்கிழமை இதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. வளர்ப்பு அப்படி.

புள்ளி போடும் நாள் நெருங்கியது. அதற்கு முந்திய கடைசிப் பாடமாக நான் வழமைபோல வகுப்பை அமெரிக்க செனட் ஆக்கினேன். வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று ஒரு மசோதா. சீட்டுக் குலுக்கிக் கட்சி பிரித்தோம். கூட்ட வேண்டும் என்பது பெரும்பான்மை, தலைவன் வழக்கறிஞரின் மகன். வேண்டாம் என்பது சிறுபான்மை, இவள் அதில் விழுந்தாள். அந்த செனட்டில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. ஒருவர் பேச எழுந்தால், தானாக உட்காரும் வரை அவரை யாரும் இலேசில் நிறுத்த முடியாது. நிறுத்த ஐந்தில் மூன்று பங்கு கைகள் வேண்டும். பேசிப் பேசியே நேரத்தைக் கொன்று மசோதாவைக் கொல்லலாம். எதைப் பற்றியும் பேசலாம், சமையல் குறிப்பு வாசித்தவர்களும் உண்டு என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். மணி அடித்தால் மசோதா செத்தது என்பது எங்கள் விதி. விதி எழுதியது வழமைபோல நான்தான்.

வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று பெரும்பான்மைத் தலைவன் சிரித்துக்கொண்டு எழுந்தபோது, இவள் கை உயர்த்தினாள். முன்னால் வந்தாள். பின் சுவரைப் பார்த்தாள்.

"பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே! அவையோர்களே! 'மரம் வளர்ப்போம்' என்னும் தலைப்பிலே பேச வந்துள்ளேன்!"

தமிழில். ஒரு சொல் பிசகாமல். போன வருடம் நானே முதலாமிடம் கொடுத்த பேச்சு.

பெரும்பான்மைத் தலைவன் துள்ளி எழுந்தான். இது ஆங்கிலப் பாடம், இது செல்லாது, தலைவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றான். சபைத் தலைவர் நான். எங்கள் விதியிலும் மொழி எழுதப்படவில்லை, அமெரிக்க அரசியல் சட்டத்திலும் எழுதப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். நிறுத்துவதற்குக் கை எண்ணினான், ஐந்தில் மூன்று தேறவில்லை. மரம் வளர்ந்துகொண்டே இருந்தது. மரம் முடிந்ததும் 'தாய்மொழியின் சிறப்பு' வந்தது. அதற்குப் பிறகு 'நேரம் பொன்னானது'. நேரத்தைக் கொல்ல எழுந்தவள் அதையும் கண்ணிமைக்காமல் சொன்னாள். சிறுபான்மைக் கட்சி மேசையில் தட்டி உற்சாகப்படுத்தியது. எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு நொந்தது.

நேரம் பொன்னாகி முடிந்தது. மணி அடிக்க இன்னும் கொஞ்சம் கிடந்தது. அவள் நிறுத்தவில்லை. அதே மேடைக் குரலில், அதே பின் சுவரைப் பார்த்து, கையையும் அதே மாதிரி உயர்த்தி:

"நடுவர் அவர்களே! பாடமாக்கினது முடிஞ்சுது. இனி எனக்குத் தோன்றுறதைச் சொல்லுறன். என்னை வாய் திறக்கிறேல்லை எண்டு சொன்னீங்கள். நான் வாய் மூடின நாள் எது? போன கிழமை வாடகை வீட்டுக்காரனோட கதைச்சன். வரிக் கந்தோரில கதைச்சன். அம்மாவின்ரை முதலாளியோட கதைச்சன். அப்பாவின்ரை டாக்குத்தரோட சின்ன வயதிலயிருந்து நான்தான் கதைக்கிறன். 'எனக்கு நாரி நோகுது, குனிய ஏலாது' எண்டுறன், அது என்ரை நாரி இல்லை. 'எனக்குச் சம்பளம் பிந்துது' எண்டுறன், அது என்ரை சம்பளம் இல்லை. இந்த வகுப்பு ஒண்டுதான் என்ரை வாய்க்கு லீவு. இஞ்ச எல்லாருக்கும் சொந்தமா வாய் இருக்கு, ஒருத்தருக்கும் நான் தேவையில்லை. அதுக்கும் புள்ளி வெட்டுறீங்கள். அமெரிக்காவுக்கு ஏன் போகப் போறன் எண்டு கேட்டனீங்களோ? அங்க அரை வருசம் ஒருத்தருக்காகவும் கதைக்கத் தேவையில்லை. பேசாமல் இருக்கிறதுக்குத்தான் போக ஆசைப்படுறன். அதுக்கு முதல்ல கதைச்சுக் காட்டட்டாம்! நன்றி, வணக்கம்!"

மணி அடித்தது. மசோதா செத்தது. சிறுபான்மைக் கட்சி அவளைத் தூக்காத குறை. என் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. அந்த அறையில் அவளுடைய பேச்சு விளங்கிய ஒரே ஆள் நான், அதையும் அவள் கணக்குப் பார்த்துத்தான் செய்திருந்தாள்.

வழக்கறிஞரின் மகன் மேசைக்கு வந்தான். "கடைசியில் குரல் மாறினமாதிரி இருந்தது. என்ன சொன்னாள்?"

"மரங்களைப் பற்றி" என்றேன்.

"இவ்வளவு நேரமுமா?"

"நிறைய மரங்கள்."

வாய்ப் புள்ளி முழுதாகப் போட்டேன். வெளிநாட்டுப் படிப்புக்குப் பொறுப்பான சக ஆசிரியை, எந்த அளவுகோலில் என்று கேட்டார். சொந்தக் கருத்து, துணிவு, நடைமுறை விதிகளில் தேர்ச்சி என்றேன். அவ்வளவும் சத்தியம். அவளுக்கு அந்த இடம் கிடைத்தது.

செய்தி சொல்லப் பெற்றோரை வரச் சொன்னேன். தகப்பன் இம்முறை மகளைப் பார்க்காமலே கதிரையில் இருந்தார். "பாத்தியே, பாடமாக்கினது வீண்போகேல்லை" என்று மனைவிக்குச் சொன்னார். நான் மறுக்கவில்லை. எந்த மாதம் போவது, என்ன உடுப்பு, குளிர் எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தவர் திடீரென்று நின்றார்.

"அப்ப ரீச்சர்... அந்த அரை வருசமும் எங்கடை டெர்மினுகளுக்கு ஆர் வாறது?"

தாய் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். டெர்மின் என்பது இந்த நாட்டில் சாதாரண சொல்லில்லை. கந்தோர், வைத்தியர், வங்கி, எதற்கும் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு போய்ப் பேசியாக வேண்டும். மகள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு எழுத்துப் பரீட்சையில் எழுதுகிற மாதிரித் தெளிவாக, "அப்ப நான் போகேல்லை" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும். "நான் வாறன்" என்று சொன்னது யாரென்று பார்த்தால், நான்தான்.

அவள் போனாள். நான் வாயானேன். வரிக் கந்தோரில் எனக்கு வருமானம் குறைந்தது. வீட்டுக்காரரிடம் என் குளியலறையில் பூஞ்சணம் பிடித்திருப்பதாக முறையிட்டேன். அரசியல் சட்டம் முழுவதும் தெரிந்த எனக்கு ஒரு வாடகைக் கடிதம் விளங்க அரை நாள் எடுத்தது. இதைச் சின்ன வயதிலேயே செய்தவளுக்கு நான் 'பேச்சுத் திறன் போதாது' என்று எழுதியிருக்கிறேன். ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவரோடு சண்டை பிடித்தேன்.

வசந்தத்தில் தகப்பனுக்கு இரத்த அழுத்தம் பார்க்கிற நாள் வந்தது. குடும்ப வைத்தியர் வயதான ஒரு ஜெர்மன் பெண்மணி. அழுத்தம் கூடித்தான் இருக்கிறது என்றார். உப்பு, நடை, மாத்திரை எல்லாம் கேட்டார். நான் இங்கேயும் அங்கேயுமாகச் சொன்னேன். கடைசியில் கணினியைப் பார்த்தபடியே, "நித்திரை வழமைபோல நல்லாத்தானே?" என்றார்.

தமிழில் கேட்டேன். தகப்பன் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவீங்களோ?"

"ஓம் அண்ணை."

"நித்திரை இல்லை எண்டு சொல்லுங்கோ. கண் மூடினால் தம்பி கூப்பிடுற சத்தம் கேக்குது. ஊரில ஷெல் விழ நான் அவனை விட்டிட்டு ஓடினனான். பயந்து எழும்புறனான். குளியலறைக்குள்ள போய் பைப்பைத் திறந்துபோட்டு அழுறனான். அப்பதான் மற்றவைக்குக் கேளாது."

சொன்னேன். வைத்தியர் கணினியிலிருந்து திரும்பினார். எப்போது தொடக்கம் என்று கேட்டார்.

"இஞ்ச வந்த நாள் தொடக்கம்."

அத்தனை வருடமும் அவருடைய கோப்பில் நித்திரை நன்று என்றுதான் இருந்தது. "என்னிடம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?" என்றார் வைத்தியர். குரலில் கோபம் இருந்தது, அது தகப்பன்மேல் இல்லை.

"எப்பிடி டாக்குத்தர் சொல்லுறது? நான் சொல்லுறதெண்டால் பிள்ளையெல்லே சொல்லோணும். ஏழு எட்டு வயசில உந்தக் கதிரையில காலாட்டிக்கொண்டு இருந்தவள். 'தம்பியை விட்டிட்டு ஓடினனான்' எண்டு அவளின்ரை வாயாலை வரோணுமே?"

அதையும் ஜெர்மனில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, கைக்குட்டை தேடினேன். வைத்தியர் காத்திருந்தார். தகப்பன் மேசையிலிருந்த தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

வெளியே வந்து ரயில் தரிப்பிடம் வரைக்கும் நடந்தோம். மனநல வைத்தியர் ஒருவரிடம் போவதற்கு அந்தப் பெண்மணி கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். தகப்பன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் அடுத்த பிளேனிலை வந்து நிப்பாள்."

"சொல்லமாட்டன் அண்ணை."

ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "அவள் திரும்பி வந்தாப் பிறகும் நீங்கள்தான் வரோணும் ரீச்சர்" என்றார். "அவளைக் கூப்பிட ஏலாது. இனி ஒண்டுக்கும் கூப்பிடமாட்டன்."